வடக்குப் பக்கத் தலைமாடு

அண்ணி,

அன்று நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வரி: "தலைமாட்டை வடக்குப் பக்கம் வைக்கச் சொன்னது நான்தான்."

ஹாலில் ஐந்து பேர் இருந்தோம். அம்மா, அண்ணன், சோபாவைச் செய்து கொண்டுவந்த முனிராஜண்ணன், அந்தப் புதுச் சோபாவில் கால் நீட்டிச் சாய்ந்திருந்த நீங்கள், ஜன்னலோரம் நான். அம்மா ஒரு கேள்வி கேட்டாள். அதற்கு உண்மையான பதில் என்னிடம் இருந்தது. நான் வாய் திறப்பதற்குள் நீங்கள் வேறொரு பதிலைச் சொல்லிவிட்டீர்கள் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் உண்மையில்லை. எனக்கு நேரம் இருந்தது.

இன்று மதியம் பள்ளியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது போனில் ஒரு விளம்பரம் வந்தது. கரும்பச்சைத் துணி போட்ட நீளச் சோபா. ஒரு பக்கம் மட்டும் கை, பித்தளைக் கால்கள். தள்ளினால் அடுத்தது ரோஸ்வுட்டில் பூ வேலை செய்த பழைய காலத்து ஒன்று. அதற்கடுத்தது பிரம்பு பின்னியது. மேலே ஆன்டிக், வின்டேஜ், மாடர்ன் என்று மூன்று பட்டன்கள். நாம் இருவரும் சாயங்காலம் சாயங்காலமாக உட்கார்ந்து பார்த்த அதே பக்கம். எட்டு மாதமாகியும் அது நமக்காக எடுத்துப் போட்டுக்கொண்டே இருக்கிறது. விடைத்தாளை மூடி வைத்துவிட்டு கடைசிவரை தள்ளிப் பார்த்தேன். பிடித்தவற்றுக்கு நீங்கள் குறி போட்டு வைத்திருந்தீர்கள். மொத்தம் பதினொன்று.

சின்ன வயதில் வந்த ஏதோ ஒரு காய்ச்சல் உங்கள் இதயத்தின் வால்வைக் கெடுத்து வைத்திருந்தது. எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்து இரண்டு வருடம் கழித்துத்தான் அது எல்லோருக்கும் தெரிந்தது. குழந்தை வேண்டாம் என்றார்கள். தண்ணீரை அளந்து குடிக்கச் சொன்னார்கள். கடைசி வருடத்தில் மட்டமாகப் படுத்தால் மூச்சு முட்டியது. உடம்பு கொஞ்சம் தேறட்டும், பிறகு ஆபரேஷன் என்று சேலத்து டாக்டர் சொல்லியிருந்தார். அதுவரைக்கும் சாய்ந்தபடிதான் இருக்க வேண்டும். உட்கார்ந்தால் கால் வீங்கியது. படுத்தால் நெஞ்சு அடைத்தது. உட்காருவதற்கும் படுப்பதற்கும் நடுவில் ஒரு இடம் உங்களுக்குத் தேவைப்பட்டது.

பின்ரூம் கட்டிலில் மூன்று தலையணை வைத்துக் கொடுத்தோம். அது சரிந்துகொண்டே இருந்தது. அது மட்டும் காரணமில்லை. அதை நீங்களே ஒருநாள் சொன்னீர்கள்.

"பின்ரூம்ல கெடந்தா நான் நோயாளி பாப்பா. ஹால்ல இருந்தா இந்த வூட்டுக்காரி."

உங்கள் தையல் மெஷின் ஹாலில் இருந்தது. சுற்றுவட்டாரத்தில் ரவிக்கை தைக்க எல்லாப் பெண்களும் உங்களிடம்தான் வந்தார்கள். மெஷினை மிதிக்க முடியாமல் போன பிறகும் வந்தார்கள். துணியைக் கொண்டுவந்து விரித்து, கழுத்து எப்படி வைக்கலாம், கையில் பார்டர் வருமா என்று கேட்டு, நீங்கள் சாக்பீஸால் கோடு போட்டுக் கொடுத்ததை எடுத்துப்போய் காரிமங்கலத்தில் கொடுத்துத் தைத்துக்கொண்டார்கள். அவர்கள் பின்ரூமுக்கு வந்தால் பேச்சு மாறிவிடும். வாசலிலேயே நின்று, குரலைத் தாழ்த்தி, "இப்ப எப்பிடி இருக்குதுங்க்கா?" என்பார்கள். துணிப் பையைப் பிரிக்காமலே போய்விடுவார்கள்.

ஆனால் ஹாலில் கட்டிலைப் போட்டுப் படுக்க முடியாது. போட்டால் ஊரே கட்டிலைத்தான் பார்க்கும். அந்தச் சமயத்தில்தான் நான் போனில் இந்தப் படத்தைக் காட்டினேன்.

"இதப் பாத்திருக்கேன்!" என்றீர்கள். பொம்மிடி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பெரிய அதிகாரிகள் வந்தால் தங்கும் பழைய கட்டடம் ஒன்று இருந்ததாம். உங்கள் அப்பா ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கும் வேலை. அவருக்குச் சாப்பாடு எடுத்துப்போன ஒரு மதியம் கதவு திறந்திருக்க, உள்ளே பிரம்பு பின்னிய நீள நாற்காலி. ஏறிச் சாய்ந்துவிட்டீர்கள். எட்டு வயது. தூங்கியே போய்விட்டீர்கள். வாட்ச்மேன் வந்து எழுப்பி, "எந்த ஊரு கலெக்டரம்மா நீங்க?" என்று கேட்டு விரட்டிய கதையைச் சொல்லும்போது உங்களுக்கு மூச்சு வாங்கியது. நடுவில் நிறுத்தி, சிரித்துவிட்டு, மறுபடி தொடர்ந்தீர்கள்.

இந்த மாதிரிச் சோபாவுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயருக்கு நீள நாற்காலி என்றுதான் அர்த்தம் என்று சொன்னேன்.

"அவ்ளோதானா? இதுக்குப் போயி பிரெஞ்சு வேறயா?"

அந்தச் சாயங்காலங்களை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஒன்றும் நடக்காத சாயங்காலங்கள். நான் பள்ளியிலிருந்து வந்து டீ போட்டு எடுத்துக்கொண்டு பின்ரூமுக்கு வருவேன். உங்களுக்கு அரை டம்ளர்தான் அளவு. ஒவ்வொரு படமாகத் தள்ளுவோம். சிங்கக் கால் வைத்த பழைய நாற்காலிகளைப் பார்த்து, "இதுல சாஞ்சவங்களுக்கு நோவு இருந்திருக்காது. சும்மா ஸ்டைலுக்கு மயங்கி வுழுந்திருப்பாங்க" என்றீர்கள். பட்டனை அழுத்தினால் கால் பக்கம் தானாக எழும்பும் புது மாதிரி ஒன்றைப் பார்த்து, "கரண்டு போனா அதுக்குள்ளயே மாட்டிக்குவேன்" என்றீர்கள். எந்தத் துணி, எந்த நூல், மடிப்பு எங்கே வருகிறது என்று படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பீர்கள். ஒரு வெள்ளைக்காரக் கடையின் சோபாவில் ஓரத்துப் பைப்பிங் கோணலாகத் தைத்திருக்கிறது என்று கண்டுபிடித்த அன்று உங்களுக்கு இரண்டு வாய் சோறு கூடுதலாக இறங்கியது.

பழையதே வாங்கலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். டாக்டரைப் பார்க்கப் போன நாளில் சேலத்தில் பழைய மரச்சாமான் விற்கும் ஒரு கொட்டகைக்கு அண்ணன் கூட்டிப்போனான். தேக்கு மரத்தில் பிரம்பு பின்னிய ஒன்று அங்கே இருந்தது. கிட்டத்தட்ட நீங்கள் சொன்ன பொம்மிடி நாற்காலிதான். ஆசையாகச் சாய்ந்தீர்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, எழுந்து உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டீர்கள். சாய்வு ரொம்பத் தாழ்வு. அதே வரிசையில் ரோஸ்வுட்டில் ஒன்று இருந்தது. அது ரொம்ப நிமிர்வு. கடைக்காரர், "அந்தக் காலத்து ஆளுங்க அளவுங்க இது" என்றார். வரும் வழியில் பஸ் தொப்பூர் தாண்டியதும், "செஞ்சுதான் வாங்கணும் பாப்பா. ரவிக்க மாதிரிதான். அடுத்தவங்க அளவு நமக்கு ஆவாது" என்றீர்கள்.

அதற்கு அடுத்த நாள்தான் பள்ளியிலிருந்து கரும்பலகைப் பாகைமானியை எடுத்து வந்தேன். மரத்தில் செய்த பெரியது. கட்டிலில் உங்களைச் சாய வைத்து, முதுகுக்குப் பின்னால் பலகை கொடுத்து, உங்கள் தையல் மெஷின் பாபின் ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிட்டு, தலையணையைக் கூட்டிக் குறைத்து அளந்தேன். நாற்பது வைத்தால் மூச்சு முட்டியது. அறுபது வைத்தால் இடுப்பு வலித்தது.

"என்னங்க டீச்சர், எனக்கு எத்தன மார்க்கு?"

"அம்பது, அண்ணி."

"பாஸா?"

"பாஸ்."

ஐம்பது டிகிரி. அதைத் தாளில் எழுதி, நீளம், அகலம், தரையிலிருந்து உயரம் எல்லாம் குறித்து, தர்மபுரி போகும் ரோட்டில் சோபா செய்யும் முனிராஜண்ணனிடம் கொடுத்தேன். துணியை நீங்கள் தேர்ந்தெடுத்தீர்கள். கரும்பச்சை; ஓரத்துக்குக் கடுகு மஞ்சளில் பைப்பிங். பைப்பிங் கோணினால் காசு கிடையாது என்று அவரிடம் போனில் கறாராகச் சொன்னீர்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் நாம் யாரும் யோசிக்கவில்லை. கட்டில் என்றால் தலையணையை எந்தப் பக்கம் வைக்கிறோமோ அதுதான் தலைமாடு. வேண்டாமென்றால் எடுத்து மறுபக்கம் போடலாம். இதில் அப்படி முடியாது. தலைமாடு மரத்தோடு சேர்ந்தது. முனிராஜண்ணன் ஒருநாள் பள்ளி நேரத்தில் எனக்குப் போன் செய்து கேட்டார்.

"தலமாடு எந்தப் பக்கம் வெக்கட்டுங்க டீச்சர்? பிரேமு அடிக்கப் போறன்."

நான் ஆசிரியர் அறையின் வாசலில் நின்றிருந்தேன். நம் ஹாலை மனதில் கொண்டுவந்தேன். மேற்குச் சுவர் ஒன்றுதான் காலி. அதில் சோபாவின் நீள முதுகு ஒட்டும்படி போட வேண்டும். தெற்கே தலை வைத்தால் கண் சமையல்கட்டு வாசலைப் பார்க்கும். வடக்கே வைத்தால் எதிரில் தெருக்கதவும் ஜன்னலும். பாலக்கோடு பஸ் திரும்புவது வரைக்கும் தெரியும். நின்று வேலை செய்ய முடியாத சமையல்கட்டை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு நீங்கள் கிடக்க வேண்டாம் என்று நினைத்தேன்.

"வடக்கால வெச்சிருங்கண்ணா."

"வடக்குங்களா?" கொஞ்சம் தயங்கினார். "வூட்ல பெரியவங்களக் கேட்டுக்கங்க டீச்சர்."

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்கண்ணா. நீங்க அடிங்க."

வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாததல்ல. அப்பா கடைசி நான்கு மாதம் படுத்த கட்டிலை அந்த அறையில் அப்படித்தான் போட முடிந்தது என்பதும், அதனால்தான் அவர் எழுந்திருக்கவில்லை என்று அம்மா நம்புவதும் தெரியும். அதைப் பற்றி அம்மாவோடு ஒருமுறை வாதாடிக்கூட இருக்கிறேன். காந்தம், பூமி, ரத்தம் என்று யாரோ அனுப்பிய செய்திகளை மறுத்துப் பேசியிருக்கிறேன். அன்று மாலையே உங்களிடம் போன் விஷயத்தைச் சொன்னேன். ஜன்னல் பக்கம் பார்க்கிற மாதிரி வைக்கச் சொல்லியிருக்கிறேன் என்றேன். உங்கள் முகம் அப்படி மலர்ந்தது. நீங்களும் திசையை யோசிக்கவில்லை. யோசித்தும் பேசாமல் இருந்தீர்களா என்று இப்போது சில நாள் தோன்றுகிறது.

ஒரு விடுமுறை நாள் காலை குட்டி யானை வண்டியில் சோபா வந்து இறங்கியது. அம்மா தக்காளி பறிக்கிற ஆட்களோடு காட்டுக்குப் போயிருந்தாள். அண்ணனும் முனிராஜண்ணனும் தூக்கிக்கொண்டுவந்து மேற்குச் சுவரோரம் போட்டார்கள். நீங்கள் முதலில் உட்காரவில்லை. குனிந்து, பைப்பிங்கை விரலால் ஓட்டிப் பார்த்துக்கொண்டே ஒரு சுற்று வந்தீர்கள். கை முனையில் ஒரு இடத்தில் நின்று முனிராஜண்ணனைப் பார்த்தீர்கள்.

"அது துணி இழுத்துக்கிச்சுங்க" என்றார் அவர்.

"பரவால்லைங்க. அம்பது டிகிரி சரியா இருந்தா மன்னிச்சர்றேன்."

சாய்ந்தீர்கள். காலை மெதுவாக எடுத்து மேலே வைத்து நீட்டினீர்கள். கண்ணை மூடினீர்கள். நாங்கள் மூன்று பேரும் உங்கள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். மூச்சு வாங்கும்போது அங்கே விழும் குழி அன்று விழவில்லை. பல வாரங்களுக்குப் பிறகு நீங்கள் வாயை மூடி, மூக்கால் மூச்சு விட்டீர்கள்.

தெருவில் போன சரசு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். "என்னங்க்கா, மகாராணியாட்டம் கால் நீட்டிக்கிட்டு!"

"வா சரசு. டிக்கெட்டு எடுத்துட்டு உள்ள வா."

அவள் உள்ளே வந்து, நின்றுகொண்டே ஜாக்கெட் துணியைப் பிரித்துவிட்டாள். தங்கச்சி வளைகாப்புக்காம். உடல்நலம் விசாரிக்கவில்லை. அவள் கையைத் தூக்க, "மூச்சை நல்லா இழுத்து வுடு. எங்க புடிக்குது?" என்று நீங்கள் பழையபடி கேட்டீர்கள். அவள் துணியைச் சுருட்டிக்கொண்டு போனதும் என்னைப் பார்த்தீர்கள். ஆபரேஷன் நாள் வரும்வரை இந்த இடத்தில் இப்படி இருந்துவிட்டால் போதும் என்று அந்தப் பார்வைக்கு நான் பொருள் எடுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அம்மா வந்தாள். காலில் சேறு. வாசலிலேயே கழுவிவிட்டு உள்ளே வந்து, துணியைத் தொட்டு, "மெத்துனு இருக்குதே" என்று சந்தோஷமாகத்தான் சொன்னாள். முனிராஜண்ணனுக்கு மோர் கொண்டுவரச் சொன்னாள். பிறகு பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தாள், சமையல்கட்டைப் பார்த்தாள், உங்கள் தலையைப் பார்த்தாள்.

"ஏம்பா முனிராஜு. தலமாடு வடக்கால வருதே?"

அவர் சோபாக் காலுக்கு ரப்பர் புஷ் மாட்டிக்கொண்டிருந்தவர், நிமிரவில்லை.

"திருப்பிப் போடு. தெக்கால வரட்டும்."

"திருப்புனா முதுகுப் பக்கம் ஹாலுக்கு வந்துருமுங்கம்மா. அக்கா செவுத்தப் பாத்துப் படுக்கோணும்."

"அப்ப செய்யறப்பவே சொல்லக்கூடாதா? நாலு வூட்டுக்குச் செய்யற ஆளு. உனக்குத் தெரியாதா?"

"சொன்னங்கம்மா. போன்ல சொன்னன்."

"யாருகிட்ட?"

முனிராஜண்ணன் என்னைப் பார்க்கவில்லை. அவர் பார்க்காமல் இருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது. மெஷின் மேல் மூடியிருந்த துணியின் நுனியை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். வெளியே வண்டிக்காரர் ஹார்ன் அடித்தார். அண்ணன் எட்டிப் பார்த்து, "வர்றங்க, இருங்க" என்று குரல் கொடுத்துவிட்டுத் திரும்பினான். அவ்வளவு நேரம் இருந்தது.

"எங்கிட்டத்தாங்க அத்த" என்றீர்கள். "நாந்தான் கவனிக்காம சொல்லிட்டேன்."

அம்மா உங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பேச எனக்கு ஒரு சாக்கு கிடைத்திருக்கும். தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "உங்க மாமா அப்பிடித்தாஞ் சாமி கெடந்தாரு. தெரிஞ்சு தெரிஞ்சு நானே உன்ன அப்பிடிப் படுக்க வெப்பனா?" என்று அழுதாள். அண்ணன் அவளையும் உங்களையும் மாறி மாறிப் பார்த்தான். மரச் சட்டத்தைப் பிரித்து மாற்றி அடிக்க எத்தனை நாள் ஆகும் என்று முனிராஜண்ணனைக் கேட்டான். இருபது நாள் என்றார்.

"இருவது நாளுதான கண்ணு. நல்லபடியா வரட்டும், அதுக்கப்புறம் நீ இங்கயே படு. நான் வேண்டாங்க மாட்டேன்" என்று அம்மா உங்கள் காலைத் தொட்டுச் சொன்னாள்.

"சரிங்க அத்த" என்று காலை இறக்கினீர்கள்.

நான் ஏன் பேசவில்லை என்பதற்கு இந்த எட்டு மாதத்தில் பல காரணங்கள் எழுதி எழுதிப் பார்த்தேன். அம்மாவை அழ வைக்க வேண்டாம் என்று. அண்ணன் முன்னால் கூச்சம் என்று. நீங்களே முந்திக்கொண்டீர்கள் என்று. எதுவும் நிற்கவில்லை. அம்மா அப்பாவின் பேரை எடுத்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது, அண்ணி. படித்த, வாதாடிய, செய்திகளை மறுத்துப் பேசிய எனக்கு. ஒருவேளை அப்படியே படுத்து உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால், அந்தப் பக்கம் தலையை வைத்தது நான் என்று ஆகிவிடும். அந்த ஒரு நிமிடம் நானும் அம்மா நம்புவதை நம்பினேன். சோபா வீட்டை விட்டுப் போனால் நல்லது என்றுகூட நினைத்தேன். சோபாவோடு வண்டி திரும்பிப் போகும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அன்று சாயங்காலம் பின்ரூமுக்கு வந்து, "அம்மாகிட்ட நான் சொல்லிடறேன் அண்ணி" என்றேன்.

"எதுக்கு? போனது போனதுதான. எனக்கு உங்கம்மாகிட்டத் திட்டு வாங்கிப் பழக்கம். நீ வாங்குனா ஒரு வாரத்துக்குச் சோறு திங்க மாட்ட." சிரித்தீர்கள். பிறகு தலையணையைச் சரி செய்யச் சொன்னீர்கள். செய்தேன். "இன்னுங் கொஞ்சம் தூக்கு. அம்பது வரலை" என்றீர்கள்.

நீங்கள் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்தீர்கள். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பழியை யார் ஏற்பது என்பதைத்தான் அன்று பேசினோம். இருபது நாள் நீங்கள் எங்கே இருக்கப் போகிறீர்கள் என்பதைப் பேசவில்லை.

அந்த நாட்களில் வந்தவர்கள் எல்லோரும் மறுபடி வாசலில் நின்றார்கள். வளைகாப்பு ரவிக்கை நன்றாக அமைந்ததென்று சொல்ல வந்த சரசு, உங்களைப் பார்த்ததும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, "சாப்டீங்களாக்கா?" என்று மெல்லக் கேட்டுவிட்டுப் போனாள். போன் படங்களை நீங்கள் அதன் பிறகு கேட்கவில்லை. ஒருமுறை நானே எடுத்து நீட்டினேன். "வேண்டாம் பாப்பா. வர்றது வரட்டும்" என்றீர்கள். நாளை எண்ணிக்கொண்டிருந்தீர்கள் என்று நினைக்கிறேன். ஏனென்றால் பத்தாம் நாள், "பாதி ஆச்சு" என்றீர்கள்.

பன்னிரண்டாம் நாள் புதன்கிழமை உங்களுக்கு மூச்சு முட்ட, சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

உங்களிடமிருந்து எனக்கு வந்த ஒன்று இருக்கிறது. வகுப்பில் கணக்குப் புரியாமல் ஒரு பிள்ளை விழிக்கும்போது, முன்பெல்லாம் மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொடுப்பேன். இப்போது பக்கத்தில் போய் நின்று, "எங்க புடிக்குது?" என்று கேட்கிறேன். சிரிப்பார்கள். ஆனால் இடத்தைச் சரியாகத் தொட்டுக் காட்டுவார்கள். இன்னொன்று, இது உங்களிடமிருந்து வந்ததல்ல, உங்களால் வந்தது. ஒருவர் எனக்காக ஒன்றை ஏற்றுக்கொள்ளும்போது உடனே நன்றி சொல்ல எனக்கு வருவதில்லை. அதற்கு அவர் என்ன விலை கொடுக்கிறார் என்று முதலில் பார்க்கிறேன். அன்று பார்த்திருக்க வேண்டும்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து அம்மாவிடம் சொன்னேன். களத்தில் தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். நானும் எதிரில் உட்கார்ந்து பிரித்தபடியே சொன்னேன். போனில் கேட்டது என்னிடம் என்றும், வடக்கே வைக்கச் சொன்னது நான் என்றும், ஜன்னல் தெரியட்டும் என்று யோசித்துத்தான் சொன்னேன் என்றும்.

அம்மாவின் கை நின்றது.

"யோசிச்சா சொன்ன?"

"ஆமாம்மா."

"அவ கவனிக்காம சொல்லிட்டேன்னு சொன்னா. கவனிக்காம வந்தது ஆவாதுன்னுதான் நான் பயந்தேன்." கையிலிருந்த தக்காளியைக் கூடையில் போட்டாள். "நீ யோசிச்சு வெச்சதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீன்னா, படிச்ச புள்ள, ஏதோ நல்லதுக்குத்தான் வெச்சிருக்குதுன்னு வுட்டிருப்பேனே சாமி. அழுதுக்கிட்டே வுட்டிருப்பேன்."

ஒரு கூடை முழுவதும் பிரித்து முடித்தோம்.

அண்ணி, நீங்கள் அந்தச் சோபாவில் சாய்ந்திருந்தது மொத்தம் முக்கால் மணி நேரம். சேலத்துக்குக் கொண்டுபோன வாரமே, வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் இறந்தீர்கள். எந்தத் திசையில் தலை இருந்ததென்று எங்களில் யாரும் பார்க்கவில்லை. அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை, சொன்ன நாளுக்கு இரண்டு நாள் முன்பாகவே, முனிராஜண்ணன் தலைமாட்டைத் தெற்கே மாற்றிக் கொண்டுவந்து இறக்கினார்.